பெரோகிக்கு முப்பத்திரண்டு

கனடாவின் சஸ்காட்டூன் நகரில் பாம்பு வளர்க்கிறவர்கள் பாம்புக்குப் பயப்பட மாட்டார்கள், லெஸ்யாவின் வாய்க்குப் பயப்படுவார்கள். அவர்களுக்கென்று போனில் ஒரு குழு உண்டு. புதிதாகப் பாம்பு வாங்கியவர் யாராவது ஆசை ஆசையாகக் கண்ணாடித் தொட்டியைப் படம் பிடித்து அதில் போட்டால், முதலில் வந்து நிற்பது லெஸ்யாதான். பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசை வேலை அவளுக்கு. ஒரு நோயாளி உள்ளே போய் அடுத்தவர் வந்து நிற்பதற்குள் எங்கேயோ இருக்கிற ஒருவரைக் கிழித்துத் தொங்கவிட்டிருப்பாள்.

"சென்சார் எங்கே இருக்கு?" என்பதுதான் எப்போதும் அவளுடைய முதல் கேள்வி.

கேள்வி நியாயமானது. கேட்கிற விதம்தான் சரியில்லை. மூஸ் ஜா என்ற ஊரில் ஒரு பெண், செத்துப்போன தன் பாம்பின் படத்தைப் போட்டு, என்ன தப்புப் பண்ணினேன் என்று யாராவது சொல்லுங்கள் எனக் கேட்டிருந்தாள். லெஸ்யா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். சூட்டை அளக்கிற சென்சாரின் ஒயர் தொட்டிக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

"தெர்மோஸ்டாட்டுக்குக் கண்ணு கிடையாது, தங்கம்," என்று எழுதினாள். "சென்சார் சொல்றததான் அது நம்பும். சென்சார் குளிர்ல கிடந்தா, பாம்பும் குளிர்ல கிடக்குதுன்னு நெனச்சு ஹீட்டரை எரிச்சுத் தள்ளும். கேக் சுடுறவங்ககூட நடுவுல ஒரு குச்சி விட்டுப் பாப்பாங்க. நீ அதுகூடப் பாக்கல. நல்லா வெந்திருச்சா, இல்ல இன்னும் கொஞ்சம் வேகணுமா?"

குழுவே சிரித்தது. அந்தப் பெண் அன்றைக்கே குழுவை விட்டுப் போய்விட்டாள். சாயங்காலம் சாப்பிடும்போது லெஸ்யா இதை டாரிலுக்கு வாசித்துக் காட்டினாள்.

"பாவம், அழுதிருக்கும்," என்றான் டாரில்.

"அழட்டும். அடுத்த தடவ பாத்து வைக்கும்."

டாரில் அவளோடு வாழ்ந்துகொண்டிருந்தவன். ஹாக்கி அரங்கத்தில் பனித்தரையை வழித்து, தண்ணீர் விட்டு, மறுபடி கண்ணாடிபோல ஆக்குகிற பெரிய வண்டியை ஓட்டுவது அவன் வேலை. பேச்சு குறைவு. நாள் முழுக்க ஒரே வட்டத்தில் சுற்றிச் சுற்றி வருகிறவனுக்குப் பேச என்ன இருக்கிறது என்று லெஸ்யா கேலி செய்வாள். அதற்கும் பதில் சொல்ல மாட்டான். ஆனால் சொன்ன எதையும் மறக்கவும் மாட்டான், அதுதான் அவனிடமிருந்த கோளாறு.

பாம்பை வாங்கிக் கொடுத்தவனும் அவன்தான், அவளுடைய பிறந்தநாளுக்கு. மலைப்பாம்பு இனம்தான் என்றாலும் கையளவு தடிமன்கூட இல்லாத சின்ன ஜாதி. தொட்டால் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு உருண்டையாகச் சுருண்டுகொள்ளும். மாவுக்குள் உருளைக்கிழங்கை வைத்து மூடின கொழுக்கட்டைபோல அது கிடந்ததைப் பார்த்து லெஸ்யா அந்தப் பலகாரத்தின் பெயரையே, பெரோகி என்று, அதற்கு வைத்தாள். உக்ரைன் வீட்டுப் பெண்ணுக்கு அதைவிடச் செல்லமான பெயர் எங்கே கிடைக்கும்?

தொட்டியை இரண்டு பேரும் சேர்ந்துதான் அமைத்தார்கள். வெளியே மைனஸ் முப்பத்தைந்தில் உறைந்து கிடக்கிற ஊர் அது. வீட்டுக்குள் எரிகிற உலை காற்றிலிருந்த ஈரத்தையெல்லாம் உறிஞ்சிவிடும், உதடு வெடிக்கும், கதவுப்பிடியைத் தொட்டால் சுருக்கென்று ஷாக் அடிக்கும். ஆப்பிரிக்க மண்ணில் வாழ வேண்டிய உயிரை அங்கே வைத்துக் காப்பாற்றுவது சாமானியமா? ஒரு பக்கம் முப்பத்திரண்டு டிகிரி, மறுபக்கம் இருபத்தாறு, ஈரப்பதம் அறுபது. இதற்காக லெஸ்யா பட்ட பாடு கொஞ்சமல்ல. தேங்காய் நார்த்தூளை நனைத்துப் பரப்பினாள். ஈரப்பாசி அடைத்த டப்பா ஒன்றை வைத்தாள். ஈரம் மேலே போய்விடாமல் வலைமூடி முழுவதையும் அலுமினியத் தாளால் போர்த்தினாள்.

"இவ்வளவு பெரிய ஹீட்டர் எதுக்கு?" என்று டாரில் கேட்டான். "ஒரு கோழியே சுடலாம் போலிருக்கே."

"இந்த ஊர்க் குளிருக்குப் பெருசுதான் வேணும். அதான் தெர்மோஸ்டாட் இருக்குல்ல? முப்பத்திரண்டு ஆனதும் அதுவே நிறுத்திரும். நீ போய்ப் பனியை வழி, சூட்டை நான் பாத்துக்கறேன்."

அவன் சிரித்தான். சென்சாரைப் பாம்பு படுக்கிற ஓட்டுக்கு அடியில் அவள் சொன்னபடி ஒட்டிவைத்தவனும் அவன்தான். அரங்கத்திலிருந்து வந்ததும், விறைத்துப்போன கையோடு தொட்டி முன்னால் உட்கார்ந்து, பெரோகி நாக்கை நீட்டி நீட்டி உள்ளே இழுப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பான். அவனுக்கும் அதன்மேல் பிரியம் இருந்தது. இதை இங்கேயே சொல்லிவைக்க வேண்டும், பிறகு சொன்னால் யாரும் நம்ப மாட்டீர்கள்.

வினை வந்தது ஜனவரியில். உக்ரைன்காரர்களின் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் விருந்து, லெஸ்யாவின் அக்கா தான்யா வீட்டில். பன்னிரண்டு வகைப் பதார்த்தம், மேசை நிறைய ஆட்கள். தான்யாவின் புருஷன் ரோமனுக்குப் பாம்பு என்ற சொல்லே ஆகாது. பீட்ரூட் சூப்பைக் குடித்துக்கொண்டே அவன் வம்பிழுத்தான்.

"ஏன் லெஸ்யா, அந்தச் சனியனை எதுக்கு வளக்கற? கொஞ்சினா அதுக்குத் தெரியுமா, திட்டினா தெரியுமா?"

"டாரிலைவிடத் தெரியும்," என்றாள் லெஸ்யா. "அது கொஞ்சம் சூடு குடுத்தா அசையவாவது செய்யுது. இவனுக்கு எவ்வளவு சூடு குடுத்தாலும் கட்டில்ல பொணம் மாதிரிதான். கட்டைல போறவரைக்கும் ஒரு அசைவு இருக்காது."

ரோமனுக்குச் சூப் மூக்கில் ஏறிவிட்டது. தான்யா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். டாரிலும் லேசாகச் சிரித்தான். கிண்ணத்திலிருந்த கோதுமைப் பாயசத்தைக் கடைசிவரை வழித்துச் சாப்பிட்டான்.

காரில் வரும்போது, "அவங்க முன்னால நீ என்கிட்ட சாரி சொல்லணும்," என்றான்.

"ஐயோ, அது காமெடி டாரில்."

"தெரியும். எல்லாரும் சிரிச்சாங்க. அதே ஆளுங்க முன்னால சொல்லு."

அவள் சொல்லவில்லை. அவனும் அதற்குப் பிறகு வேறு எதுவும் பேசவில்லை. நிஜமாகவே எதுவும் பேசவில்லை. ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் காப்பி போட்டுக்கொண்டு, அவள் அங்கே இல்லாததுபோல நடந்துகொண்டான். திட்டுகிறவனோடு மல்லுக்கு நிற்கலாம், பேசாதவனை என்ன செய்வது? மாதம் முடிவதற்குள் லெஸ்யா பெட்டியைக் கட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். அந்த அடுக்குமாடியில் பாம்பு பல்லி எதற்கும் அனுமதி இல்லை. இருந்திருந்தாலும் ரோமன் விட்டிருக்க மாட்டான்.

"புது வீடு கிடைக்கிறவரைக்கும் பெரோகி இங்க இருக்கட்டும்," என்றாள் வாசலில் நின்று.

"இருக்கட்டும்," என்றான் டாரில். அத்தனை நாளில் அவன் சொன்ன முதல் வார்த்தை அது. அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

தொட்டியைப் பார்த்தபடி ஒரு சின்னக் கேமரா வைத்திருந்தாள், போனிலிருந்தே பார்க்கலாம். அன்றைக்கே அதைத் திறந்து பார்த்தாள். சுவர் தெரிந்தது. கேமராவைத் திருப்பிவைத்திருந்தான்.

ஒரு வாரம் சத்தமில்லை. பிறகு ஒரு நாள் மத்தியானம் டாரிலிடமிருந்து செய்தி வந்தது. "பெரோகிக்கு ஒரு எலி குடுத்தேன். பெருசு. ஒரே மூச்சுல முழுங்கிருச்சு. இப்ப சூட்டைக் குறைக்கப்போறேன்."

லெஸ்யாவுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பாம்பு வளர்க்காதவனுக்கு இந்த வாக்கியங்களுக்கு நடுவே இருக்கிற கொலை புரியாது. பாம்புக்குச் செரிமானம் என்பது வெளியிலிருந்து வருகிற சூட்டில் நடப்பது. சூடு இல்லையென்றால் முழுங்கின எலி வயிற்றுக்குள்ளேயே அழுகும். அழுகினால் கக்க வேண்டும், இல்லாவிட்டால் சாக வேண்டும். அவள் மருத்துவமனைக் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அவனைக் கூப்பிட்டாள்.

"டாரில், வெளையாடாத. அது வயித்துல எலி இருக்கு."

"தெரியும். நீதானே கத்துக்குடுத்த."

"உனக்கு என்ன வேணும்?"

"உங்கக்கா வீட்ல, அதே மேசை, அதே ஆளுங்க. சாரின்னு ஒரே ஒரு வார்த்தை. நான் முழுசாக் கேக்கணும். அப்புறம் பாம்பு, தொட்டி, எல்லாத்தையும் நானே கார்ல ஏத்திக் கொண்டாந்து விடறேன்."

"ஒரு வாயில்லாத ஜீவனை வச்சு மெரட்டறியே, வெக்கமா இல்ல?"

"வாய் இருக்கிறவங்களால பட்டாச்சு. சொல்லாத ஒவ்வொரு நாளும் ஒரு டிகிரி. பாத்துக்க."

அக்காவிடம் சொன்னாள். தான்யா காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"ஒரு சாரிதானே, சொல்லித் தொலையேன். சொன்னா வாய் வெந்தா போயிடும்?"

"அவனுக்கா? நீங்க எல்லாரும் உக்காந்து வேடிக்கை பாப்பீங்க, நான் அவன்கிட்டக் கெஞ்சணுமா?"

"நீ பேசினது தப்புதான்டி. நானும் சிரிச்சேன், அது வேற. ஆனா தப்பு."

"ரோமனைக் கூட்டிட்டுப் போய்த் தூக்கிட்டு வரலாமா?"

பக்கத்து அறையிலிருந்து ரோமனின் குரல் வந்தது. "என்னையா? பாம்பு தூக்கவா? டாரில் கால்லகூட விழறேன், பாம்புகிட்டப் போக மாட்டேன்."

தூக்கிக்கொண்டு வருவதும் லேசில்லை. கதவைத் திறக்க வேண்டியவன் டாரில். வெளியே அடிக்கிற குளிரில், வயிற்றில் எலியோடு இருக்கிற பாம்பை எடுத்துப்போவதும் ஆபத்து. சரி, போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் முடிந்தது. லெஸ்யாவுக்கும் அது தெரியும். கட்டிலில் உட்கார்ந்து கண்ணாடியைப் பார்த்து ஒரு தடவை சொல்லியும் பார்த்தாள். தன் முகமே அவளுக்குப் பிடிக்கவில்லை.

அப்படி மூன்று நாள் போனபிறகுதான் ஞாபகம் வந்தது. தெர்மோஸ்டாட்டை போனிலிருந்தே இயக்கலாம். அந்த மாதிரிதான் வேண்டும் என்று தேடி வாங்கினவளே அவள். டாரில் பெட்டியிலிருக்கிற பட்டனை அழுத்துகிறவன், போன் விஷயமெல்லாம் அவனுக்குத் தெரியாது. போனில் திறந்தாள். தொட்டிக்குள் இருபத்தொன்பது. விரலால் நகர்த்தி முப்பத்திரண்டில் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் முப்பது, பிறகு முப்பத்தொன்று. முப்பத்திரண்டு ஆனபோது லெஸ்யா தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள்.

அதன்பிறகு இருவருக்கும் நடுவில் ஒரு கூத்து. அவன் வேலைக்குப் போகும்போது குறைப்பான். அவள் மேசையில் உட்கார்ந்தபடி ஏற்றுவாள். அவன் வந்து பார்த்து மறுபடி குறைப்பான். அவள் பல் துலக்கிக்கொண்டே மறுபடி ஏற்றுவாள். எலி செரித்தது. பெரோகி பிழைத்தது. லெஸ்யா அந்த மட்டில் நிறுத்திக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மாவா? அவள் அதைக் குழுவில் எழுதினாள். "என் பழைய ஆளு என் பாம்பைக் குளிர்ல போட்டுக் கொல்லப் பாக்கறான். நான் பல் டாக்டர் ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டே சூடு ஏத்தறேன். பட்டனை அழுத்தி அழுத்தி அவனுக்கு விரல் தேஞ்சதுதான் மிச்சம். இன்னும் பேய் வேலைன்னு நெனச்சுட்டு இருக்கு லூசு." கண்ணீர் வரச் சிரிக்கிற பொம்மைகளைக் கொட்டினார்கள். இன்னும் சொல், இன்னும் சொல் என்றார்கள். அவளும் சொன்னாள். கட்டில் கதையைக்கூடச் சொன்னாள்.

பெரோகி வந்த புதிதில் அவளே டாரிலை அந்தக் குழுவில் சேர்த்துவிட்டிருந்தாள். ஒரு நாளும் ஒரு வார்த்தை எழுதியதில்லை அவன். வாசிப்பானா என்று அவள் யோசிக்கவும் இல்லை.

அதற்கு மறுநாளோ அதற்கடுத்த நாளோ, காலையில் மருத்துவமனை திறந்த கையோடு லெஸ்யா போனைப் பார்த்தாள். பதினைந்தில் வைத்திருந்தான். தொட்டிக்குள் பதினேழு. ஹீட்டர் அணைந்திருந்தது. இவ்வளவு இறக்கத்தை அவன் அதுவரை செய்ததில்லை.

"பாவி," என்று சொல்லிக்கொண்டே முப்பத்திரண்டுக்கு ஏற்றினாள். ஹீட்டர் முழு வேகத்தில் எரிகிறது என்று போன் காட்டியது.

முதல் நோயாளி வந்தார், உள்ளே போனார். தொட்டியில் பதினேழு. இரண்டாவது ஆள் வந்து, காப்பீட்டு அட்டையைத் தேடித் தேடி எடுத்துக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். பதினேழு. ஹீட்டர் முழு வேகம். ஜன்னலைத் திறந்துவைத்திருக்கிறான் என்று அவளுக்கு உடனே தோன்றியது. மைனஸ் முப்பதை உள்ளே விட்டால் எந்த ஹீட்டர் தாங்கும்? வயிறெரிந்தது அவளுக்கு. முப்பத்தைந்துக்கு ஏற்றினாள். பதினாறு ஆனது.

ஈரப்பதத்துக்குத் தனி மீட்டர், தொட்டிக்குள் கண்ணாடியில் ஒட்டியிருப்பது, அதன் அளவும் போனில் தெரியும். அறுபதிலிருந்து ஐம்பதுக்கு வந்திருந்தது. பிறகு முப்பத்தெட்டு. ஈரப்பாசியையும் தண்ணீர்க் கிண்ணத்தையும்கூட எடுத்துவிட்டான், திறந்த ஜன்னலிலிருந்து வறண்ட காற்று வருகிறது என்று நினைத்தாள். அவனைக் கூப்பிட்டாள், எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள். செய்தி வந்தது.

"இன்னும் நேரம் இருக்கு. சாரி சொல்றியா?"

"மொதல்ல ஜன்னலை மூடு, முட்டாள்," என்று அடித்தாள். "நீ எவ்வளவு வேணா குளிரவை. சூடு என் கைல இருக்கு."

"ஆமா. உன் கைலதான் இருக்கு," என்று பதில் வந்தது.

அதைப் படித்து அவள் ஏளனமாக உதட்டைச் சுழித்தாள். ஹீட்டர் எரிகிறது, எரியட்டும், எத்தனை நேரமானாலும் எரியட்டும். கன்னம் வீங்கின ஒரு பெரியவர் ஐஸ் பையைத் தாடையில் அழுத்தியபடி வந்து உட்கார்ந்தார். இரண்டு பிள்ளைகளோடு ஒரு தாய் வந்தாள். எல்லாருக்கும் சிரித்த முகத்தோடு பதில் சொன்னாள் லெஸ்யா. அந்த வேலையில் சிரிப்புக்குத்தான் சம்பளம். தொட்டியில் பதினாறு. ஈரம் இருபத்தொன்று.

மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் குழுவில் ஒரு புது ஆள் படம் போட்டிருந்தான். முதல் பாம்பு, புதுத் தொட்டி, பக்கத்தில் ஒரு கேள்வி: ஹீட்டர் நிற்காமல் எரிந்துகொண்டே இருக்கிறது, ஆனால் சூடு ஏறவில்லை என்று காட்டுகிறது, ஏன்? லெஸ்யாவின் கட்டைவிரலுக்கு யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆயிரம் தடவை அடித்த வார்த்தைகள், தாமாகவே வந்து விழுந்தன.

"சென்சார் எங்கே இருக்கு?"

அனுப்பிவிட்டு அதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

குளிர்ந்த தொட்டியில் ஈரம் இப்படி இறங்காது. ஈரமான நார்த்தூளும் மூடின மூடியும் இருக்கிற தொட்டியில், காற்று கொதித்தால்தான் ஈரம் இருபதுக்கு வரும். இதை எத்தனை பேருக்கு எழுதியிருக்கிறாள், எத்தனை பேரைத் தற்குறி என்று திட்டியிருக்கிறாள். காலையிலிருந்து கண்ணுக்கு முன்னால் காட்டிக்கொண்டிருந்தது அந்த மீட்டர். ஊருக்குத்தானே உபதேசம்.

அவசரத்தில் இரண்டு தடவை தவறிவிட்டது. மூன்றாவது தடவை ஹீட்டரை அணைத்தாள். கேமராவைத் திறந்தாள். சுவர்தான் தெரிந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுவர் அசைந்தது. யாரோ திருப்புவதுபோலக் கேமரா மெதுவாகத் திரும்பி, ஜன்னலைக் காட்டியது. ஜன்னல் மூடித்தான் இருந்தது. உறைபனி ஒட்டிய கண்ணாடிக்கு அடியில், கட்டையின்மேல் சென்சாரின் கறுப்பு முனை நாடா போட்டு ஒட்டப்பட்டிருந்தது. கேமரா இன்னும் திரும்பியது. தொட்டி தெரிந்தது. வலைமூடியில் அவள் போர்த்தின அலுமினியத் தாள் போர்த்தினபடியே இருந்தது. தண்ணீர்க் கிண்ணம் உள்ளேயே இருந்தது, காய்ந்துபோய். பாசி டப்பா கவிழ்ந்து கிடந்தது. பெரோகி சுருண்டிருக்கவில்லை. தொட்டியின் அந்தப் பக்கக் கடைசி மூலையில், கண்ணாடிக் கதவு சேருகிற இடுக்கில் மூக்கை வைத்து, நீள நெடுக விறைத்துக் கிடந்தது. மூக்கு தோல் உரிந்து சிவந்திருந்தது. வெளியே வர முட்டி முட்டிப் பார்த்திருக்கிறது.

போன் அடித்தது. டாரில்.

"செத்துருச்சு," என்றான். அவன் குரல் கம்மியிருந்தது. அழுதிருப்பான் போல. அழுதால் என்ன, பாவம் குறைந்துவிடுமா?

"நீ கொன்னுட்ட," என்றாள் லெஸ்யா.

"நான் பதினஞ்சுலதான் வச்சேன். ஜன்னல்கிட்ட பதினேழு இருந்துச்சு. பதினஞ்சுல வச்சா ஹீட்டர் எரியவே எரியாது. தொட்டி குளிர்ந்திருக்கும், அது சும்மா சுருண்டு படுத்திருக்கும், சாயங்காலம் நானே எடுத்து மடில வச்சிருப்பேன். இன்னிக்கு லீவு போட்டுட்டு இங்கதான் உக்காந்திருந்தேன் லெஸ்யா. ஹீட்டர் செவக்கறப்பல்லாம், இது அவதான்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

"பாத்துக்கிட்டே இருந்தியா? ஒயரைப் புடுங்க உனக்குக் கையில்லயா?"

"பொணத்துக்கு ஏது கை?"

"நீ ஏன் என்கிட்டச் சொல்லல?" என்றாள்.

"நீ ஏன் கேக்கல? ஊர்ல ஒருத்தரை விட்டதில்ல, எல்லாரையும் கேப்பியே. என்னை மட்டும் கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

உள்ளேயிருந்து உதவியாளர் பெண் எட்டிப் பார்த்து, அடுத்தவரை அனுப்பச் சொன்னாள். லெஸ்யா அவளைப் பார்க்கவில்லை. கேமராவில் டாரிலின் கை உள்ளே வந்தது. தொட்டிக் கதவைத் தள்ளித் திறந்து, அனல் பட்டதும் ஒரு நொடி பின்வாங்கி, மறுபடி போய்ப் பாம்பின் முதுகில் படிந்தது.

"சூடாத்தான் இருக்கு," என்றான். "நீ ஆசைப்பட்ட மாதிரி."

"டாரில், போதும்."

"இப்பச் சொல்லு. எனக்கு வேணாம். எனக்கு இனிமே எதுக்கு? போனை இது பக்கத்துல வைக்கறேன். இதுகிட்டச் சொல்லு."

போனை அவன் நார்த்தூளின்மேல், பெரோகியின் தலைக்குப் பக்கத்தில் வைத்ததை அவள் பார்த்தாள். வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். லெஸ்யா நிமிர்ந்தாள். கன்னம் வீங்கின பெரியவர், அந்தத் தாய், அவளுடைய பிள்ளைகள், புதிதாக வந்து வரிசையில் நின்ற இரண்டு பேர், கதவருகே உதவியாளர் பெண், எல்லாரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சாரி," என்றாள்.

"கேக்கல," என்றது போனிலிருந்து தூரமாக ஒரு குரல்.

"சாரி, பெரோகி," என்று லெஸ்யா சத்தமாகச் சொன்னாள். சொல்லிக்கொண்டே எழுந்து நின்றுவிட்டாள். "என்னை மன்னிச்சுரு. நான்தான். நான்தான் பண்ணேன். சாரி, சாரி." பெரியவர் ஐஸ் பையை மடியில் இறக்கிவைத்தார். பிள்ளைகளில் சின்னது தாயின் கையைப் பிடித்துக்கொண்டு, அந்த அக்கா ஏன் அழுகிறாள் என்று கேட்டது.

டாரில் முழுவதையும் கேட்டான். பிறகு போனை எடுத்து அணைத்தான்.